பொட்டு வைத்த கிடார்

எங்கள் குடியிருப்பில் போன மாதம் லிஃப்டைப் பழுது பார்த்தார்கள். முன்பு அது ஒவ்வொரு மாடியிலும் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கும். இப்போது ‘டிங்’ என்கிறது. முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டபோது என் இடது கையில் கீரைக்கட்டு இருந்தது. வலது கையின் ஆள்காட்டி விரல் என்னைக் கேட்காமலே நீண்டு காற்றில் எதையோ தொட்டது. பட்டனை அழுத்தப் பார்க்கிறேன் என்று நினைத்து, “எந்த ஃப்ளோர் மேடம்?” என்றார் பக்கத்தில் நின்றவர். “மூணு” என்று சொல்லிவிட்டேன். நான் இருப்பது ஐந்தாவது மாடியில். உளறியதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால் மூன்றிலேயே இறங்கி, மீதி இரண்டு மாடியைக் கீரையோடு நடந்து ஏறினேன்.

படியேறும்போது தேடிப் பார்த்தால் காரணம் கிடைத்துவிட்டது. மூன்று என்பது மாடி இல்லை. கிடாரின் கழுத்தில் மூன்றாவது ஃப்ரெட், குறுக்குக் கம்பி போட்டுப் பிரித்த கட்டங்களில் மூன்றாவது.

எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். தெரியாது. ஆனாலும் ஒரு காலத்தில், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து என் இந்த விரலை நம்பி ஒரு சாயங்காலம் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது.

டிப்ளமோ முடித்துச் சாத்தூரிலிருந்து வேலைக்கு வந்த புதிது. சார்ஜருக்குள் வைக்கிற குட்டிப் பச்சைப் பலகைகளைச் செய்யும் கம்பெனி. பூதக்கண்ணாடி வழியாக ஒவ்வொரு பலகையையும் பார்த்து, நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம் என்று வைப்பது என் வேலை. பலகையைத் துடைக்கும் ஸ்பிரிட் வாசனை கையை விட்டுப் போகவே போகாது. விடுதிக்கு வந்து ரசம் சாதம் பிசைந்தால் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் இருக்கும். விரல் நுனிகளில் மாட்டிக்கொள்ளச் சின்னச் சின்ன ரப்பர் உறைகள் தருவார்கள். அவற்றைப் பற்றி எங்கள் லைனில் சொல்லப்பட்ட ஜோக்குகளை நான் இங்கே எழுதுவதாக இல்லை. திங்கட்கிழமைதோறும் நகச் சோதனை நடக்கும். நகம் ஒரு அரிசி அளவு வளர்ந்திருந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இந்த நகச் சங்கதியை எதற்குச் சொல்கிறேன் என்றால், நகமில்லாத விரலால் கிடார்க் கம்பியைச் சுண்டுவது பல்லில்லாத வாயால் முறுக்கைக் கடிப்பது மாதிரி.

கிடார் ஜெபாவுடையது. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி. என் லைன், என் அறை, என் வயது. ஊரில் மாதா கோயில் பாடகர் குழுவில் வாசித்தவள். தீபாவளி விடுமுறை முடிந்து வரும்போது கிடாரைக் கோரைப்பாயில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே எங்கள் வார்டன் பேபியக்கா மறித்துவிட்டார். உள்ளூர்க்காரர். நூற்றிருபது பெண்களையும் காலடிச் சத்தத்தை வைத்தே அடையாளம் சொல்வார்.

“இன்னாமே இது?”

“பாய் அக்கா.”

பேபியக்கா பாயைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். “பாய்க்கு இடுப்பு கீதா?”

உண்மை வெளியே வந்தது. விடுதியில் சத்தமே கூடாது. மூன்று ஷிஃப்டு நடக்கிற இடத்தில் எந்த நேரமும் நாற்பது பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பேபியக்கா யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். “வெச்சிகினு போ. ஆனா ஒரு தபா ஜிங்கு ஜிங்குனு கேட்டுச்சு, பாயும் வெளிய, நீயும் வெளிய.”

விடுதியை விட்டு அனுப்பினால் கம்பெனி பஸ் கிடையாது. பஸ் இல்லாவிட்டால் வேலையும் கிடையாது. ஜெபா ஒரு வாரம் கிடாரைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். எட்டாவது நாள் அதை எடுத்துக்கொண்டு, குளியலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் சின்ன இடத்துக்கு என்னையும் கூட்டிப் போனாள்.

“ஏட்டி, ஜிங்குனுதான வாசிக்கப்படாது? டிங்குனு வாசிச்சா?”

அப்போதுதான் அந்த வித்தையை முதன்முதலாகப் பார்த்தேன். இடது கை விரல் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திக்கொள்கிறது. வலது கை ஆள்காட்டி விரல், அதே கம்பியில் சரியாகப் பன்னிரண்டு ஃப்ரெட் தள்ளி, தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அதே வலது கையின் கட்டைவிரல் பின்னாலிருந்து கம்பியைச் சுண்டுகிறது. சுண்டிய மறு கணம் ஆள்காட்டி விரல் விலகிவிட வேண்டும். அப்படிச் செய்தால் கிடாருக்குள்ளிருந்து கிடாரே இல்லாத ஒரு சத்தம் வருகிறது. தூரத்துக் கோயிலில் யாரோ வெண்கல மணியை ஒருமுறை தட்டிவிட்டுப் போனது மாதிரி. ஜெபா அவர்கள் ஊர்த் திருவிழாப் பாட்டின் முதல் நான்கு சுரங்களை அப்படி வாசித்தாள். டிங், டிங், டிங், டிங். ராத்திரி வேலை முடித்து வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டடி தள்ளித் தூங்கிக்கொண்டிருந்த சி ஷிஃப்டுக்காரி புரண்டுகூடப் படுக்கவில்லை.

எனக்கும் அது வேண்டும் என்று அடம்பிடித்தேன். சிறு வயதில் ராட்டினத்துக்குக்கூட நான் அப்படி அழுததில்லை.

“பால் மேல ஏடு எடுப்பம்லா, அப்படித் தொடணும்ட்டி” என்றாள் ஜெபா. “அமுக்குனா செத்துப்போவும். தொடலன்னா சாதாச் சத்தம்தான் வரும்.”

நான் அமுக்கினேன். ‘டொக்’. மறுநாளும் ‘டொக்’. முற்றின தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் இரண்டு வாரம் ‘டொக்’. இடது விரல் ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் வலது விரலும் அதே அளவு நகர வேண்டும். என் இரண்டு கைகளும் இரண்டு வெவ்வேறு பஸ்ஸில் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. அதிலும் ஃப்ரெட்டெல்லாம் முடிந்து வெறும் மரம் வரும் இடத்தில் கண்மதிப்பாகத் தொட வேண்டியிருந்தது. ஜெபா ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கே தொட வேண்டுமோ அதற்கு நேர் கீழே மரத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். மூன்றாவது ஃப்ரெட்டுக்குச் சிவப்பு, ஐந்துக்குப் பச்சை, ஏழுக்கு மெரூன், எட்டுக்குக் கறுப்பு. வியர்வையில் வாரத்துக்கு ஒரு தடவை உதிர்ந்துவிடும். வார்டன் மகள் தேவி கடைக்குப் போகும்போதெல்லாம் பொட்டு அட்டை வாங்கிவரச் சொல்வோம். ப்ளஸ் டூ முடித்துவிட்டு அம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்தவள். “எம்மாம் பொட்டுக்கா வைப்பீங்கோ?” என்று ஒருநாள் சந்தேகப்பட்டு எங்கள் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

நாங்கள் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வாசிப்போம், முதலில் ஜெபாவின் நாலு ‘டிங்’, பிறகு என் ‘டொக்’. காலை ஆறிலிருந்து இரண்டு வரைக்குமான ஏ ஷிஃப்டு முடித்து வந்து, தூங்கி எழுந்து, தலைக்குக் குளித்திருக்கும் நேரம். துணி காயும் அந்த இடத்துக்குக் கீழே தண்ணீர்க் குழாய்கள் இறங்கும் சந்து ஒன்று உண்டு. அந்தச் சந்து நேராகப் போய் முடிவது பேபியக்காவின் சமையற்கட்டு ஜன்னலில் என்பது எங்களுக்குத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பேபியக்கா கரண்டியோடு நின்று எல்லோருக்கும் சொன்னார். நெற்றி நிறைய விபூதி. “பத்து நாளா பாக்கறேன். ஆறு மணியானா மணியோசை. நாலே நாலு தபா. குன்றத்தூர்லேர்ந்து எம் முருகன் கூப்டறான்.”

எனக்குச் சாம்பார் மூக்கில் ஏறிவிட்டது. என் ‘டொக்’கையெல்லாம் குழாய்ச் சத்தம் என்று விட்டிருக்கிறார். குன்றத்தூர் மலையிலிருந்து ஒரு மணியோசை எங்கள் விடுதிக்கு வர வேண்டுமானால் நடுவில் எத்தனை கன்டெய்னர் லாரியின் ஹாரனைத் தாண்டி வர வேண்டும் என்று யாராவது யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஆறு மணிக்குக் கீழே கற்பூரம் எரிந்தது. சமையல்காரம்மா சரசு வந்து நின்றார். வாட்ச்மேன் தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

நிறுத்திவிடலாம் என்றேன். ஒருநாள் நிறுத்தியும் பார்த்தோம். அன்றைக்குப் பேபியக்கா சாப்பிடவில்லை. “நான் இன்னா தப்பு பண்ணேன்?” என்று முருகன் படத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் ஜெபா சீக்கிரமே போய் உட்கார்ந்து, சரியாக ஆறுக்கு வாசித்துவிட்டு வந்தாள்.

“எங்க ஊர் மாதா பாட்ட வாசிச்சு முருகன் கோயில் மணியா ஓடிட்டு இருக்கு. பாவசங்கீர்த்தனத்துல இத எந்தப் பாவத்துல சேக்கன்னு ஃபாதருக்கே தெரியாதுட்டி” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இது இப்படியே ஓடியிருக்கும். ஷிஃப்டு மாறியது. மறுநாளிலிருந்து ஜெபாவை மதியம் இரண்டிலிருந்து பத்து வரைக்கும் போட்டுவிட்டார்கள். சாமிக்கு இரண்டு வாரம் லீவு விடலாம் என்று நாங்கள் முடிவு செய்த அன்று சாயங்காலம், தேவி மாடிப்படி ஏறி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

தண்டலம் பக்கம் ஒரு காலேஜில் நர்சிங் சேர அவளுக்கு ஆசை. நாலு வருஷப் படிப்பு. பேபியக்காவின் அண்ணன், லாரி வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். எதைச் செய்வது என்று புரியாத பேபியக்கா, பொறுப்பை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். நாளை ஆறு மணிக்கு அந்த மணி நாலு தடவை அடித்தால் பெண் படிக்கட்டும். அடிக்காவிட்டால் தை மாதம் கல்யாணம்.

“நீங்க அடிச்சா போதும்கா” என்றாள் தேவி, என் கையைப் பிடித்துக்கொண்டு. எந்தக் கை என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம். அது டொக் கை.

அப்போதே ஜெபா கம்பெனிக்குப் போய்ச் சூப்பர்வைசரிடம் ஒரே ஒரு நாள் ஷிஃப்டு மாற்றிக் கேட்டாள். காரணம் கேட்டார். “மணி அடிக்கணும் சார்னா சொல்ல முடியும்?” என்று திரும்பி வந்துவிட்டாள். செல்போனில் பதிவு செய்து போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மறுநாள் காலையில் ஜெபா வேலைக்குப் போகுமுன் என் செல்போனில் அதையும் செய்து பார்த்தாள். வேலை முடிந்து வந்து போட்டுக் கேட்டேன். மணியைவிடத் தெளிவாகப் பக்கத்து அறைப் பெண்ணின் குறட்டை பதிந்திருந்தது. முருகன் குறட்டை விட்டால் நன்றாகவா இருக்கும்? கிடார் தெரிந்த யாராவது இதைப் படித்தால் இன்னொன்று கேட்பார்கள். எதையும் அழுத்தாமல் வெறும் கம்பியின் நடுவில் தொட்டுச் சுண்டினாலே மணிச் சத்தம் வருமே என்று. வரும். அது எனக்கே வரும். ஆனால் அதில் இந்த நாலு சுரம் இல்லை. பேபியக்காவுக்கு அந்த நாலும் அட்சரம் பிசகாமல் தெரியும். பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுப்பார்.

அன்று ஐந்தே முக்காலுக்குப் போய் உட்கார்ந்தேன். காய்கிற சுடிதார்களுக்கு நடுவில். பொட்டு நான்கும் புதிதாக ஒட்டியாயிற்று. கையில் வியர்வை. குழாய்ச் சந்து வழியாகக் கற்பூர வாசனை மேலே வந்தது. கீழே யாரோ இருமி, யாரோ ‘உஷ்’ என்றார்கள். சிவப்புப் பொட்டுக்கு மேலே விரலை வைத்தேன். ஏடு, ஏடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு சுண்டினேன்.

டிங்.

வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான மணியை நான் எழுப்பியதில்லை. சந்தோஷத்தில் அடுத்ததை அமுக்கிவிட்டேன். டொக். பயத்தில் அதற்கடுத்தது. டொக். நாலாவதாக வந்த டொக்கைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

 கீழேயிருந்து பேபியக்காவின் குரல். “ஒண்ணு வந்துச்சு. மீதி மூணு யாரோ கதவத் தட்னா மாதிரி கீதே?”

சரசம்மா யோசித்துச் சொன்னார். “நாலுல ஒண்ணு. நாலு வருசப் படிப்புல ஒரு வருசம் படிக்கட்டும்ன்றான் முருகன்.”

“இல்லம்மா” என்றார் வாட்ச்மேன் தாத்தா. “படிப்பு ஒரு மணி, கண்ணாலம் மூணு தட்டு. கண்ணாலந்தான் கெலிச்சிகிச்சு.”

“மூணு தட்டுன்னா, மூணு வருசம் கயிச்சு கண்ணாலம்னு ஏன் இருக்கக் கூடாது?” என்றார் சரசம்மா.

என் டொக்குக்கு இவ்வளவு அர்த்தமா என்று ஒரு நிமிஷம் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் தாத்தாவின் கட்சி வலுத்துக்கொண்டே போனது. அப்போதுதான் கவனித்தேன், அந்தப் பேச்சில் தேவியின் குரல் எங்குமே இல்லை. அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அவள் நாலு வருஷத்தை மூன்று பேர் கூறுபோட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தியை எடுத்துக் கொடுத்தவள் நான்.

கிடாரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். தைரியசாலி என்று நினைக்க வேண்டாம். பாதிப் படியில் நின்று திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் அங்கிருந்து ஒரே தூரம் என்பதால் இறங்கினேன்.

“அக்கா, மணி நாங்கதான்க்கா.”

பேபியக்கா என்னைப் பார்த்தார். கிடாரைப் பார்த்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “இன்னாமே, கிடாருக்குப் பொட்டு வெச்சிகீற?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு, “அடி” என்றார்.

“அக்கா?”

“அடின்றேன். நான் கேக்கணும்.”

கற்பூரத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். டிங். டிங். டொக். டிங். என் வாழ்நாளில் அதுவே சிறந்த வாசிப்பு. பேபியக்கா மெதுவாகப் படிக்கட்டில் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர் முகம்போல் இருந்தது.

“உனுக்குத் தெரியுமா?” என்றார் மகளைப் பார்த்து.

“தெரியும்மா.”

“கிடாராண்ட போய்ச் சொல்லத் தெரிஞ்சுது. என்னாண்ட சொல்றதுக்கு இன்னா? நான் இன்னா புலியா?”

தேவி அழவில்லை. “சொன்னேம்மா. மூணு தபா சொன்னேன். மூணு தபாவும் முருகனாண்ட கேக்கறேன்னு சொல்ட்டே.”

வாட்ச்மேன் தாத்தா செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார்.  கற்பூரம் அணைந்த பிறகு பேபியக்கா, “நாளைக்குக் காலைல போய் ஃபாரம் வாங்கினு வா. நானும் வரேன். எவ்ளோ தூரம் பஸ்ஸுல போவணும்னு பாக்கணும்” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். “நீ இன்னா பாக்கற? வெங்காயம் உரிக்கத் தெரியுமா?”

வெளியே அனுப்பவில்லை. கிடார் ஒரு மாதம் அரிசி மூட்டைகளோடு ஸ்டோர் ரூமில் இருந்தது. ஒவ்வொரு வார விடுமுறையிலும் நூற்றிருபது பேருக்கான சின்ன வெங்காயம் என்னையும் ஜெபாவையும் சேர்ந்தது. கையில் ஸ்பிரிட் வாசனை போயே போய்விட்டது, அந்த மட்டில் லாபம். அந்த வெள்ளிக்கிழமை பேபியக்கா குன்றத்தூர் போய்விட்டு வந்து என் கையில் விபூதி கொடுத்தார். “உனுக்கும் சேத்து மன்னிப்பு கேட்டுகினேன்.” ஜெபாவைப் பார்த்து, “உன் சாமியாண்ட நீயே சொல்லிக்கோமே” என்றார்.

மாதம் முடிந்த அன்று அவரே கிடாரை மேலே எடுத்து வந்தார். ஒரு பொட்டு உதிர்ந்திருந்தது. அந்த இடத்தில் தன் நெற்றியிலிருந்ததை எடுத்து ஒட்டிவிட்டுப் போனார். நல்ல பெரிய பொட்டு. அதைப் பார்த்துத் தொட்டால் எந்தச் சுரமும் வராது. ஆனால் ஜெபா அதை எடுக்க விடவில்லை.

தேவி இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். பேபியக்கா மகளோடு போய்விட்டார். ஜெபா கல்யாணமாகி ஊருக்கே போனாள். முதலில் வாரம் ஒரு முறை பேசினோம், பிறகு பண்டிகைக்குப் பண்டிகை, இப்போது ஒருவருடைய ஸ்டேட்டஸை ஒருவர் பார்ப்பதோடு சரி. கம்பெனிக்காரர்களே பெரிய பெரிய விடுதிகளைக் கட்டிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள். வாசலில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது. காலடிச் சத்தத்தை யாரும் கேட்பதில்லை.

சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் விடுதியின் முன்பாதியை இடித்தார்கள். கொஞ்ச நாள் மீதிப் பாதி அப்படியே நின்றது. கம்பெனி பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். மூன்றாவது மாடியில் எங்கள் அறைச் சுவர் ரோட்டைப் பார்த்து வெட்டவெளியில் நின்றது. அதில் நாங்கள் பைகளை மாட்டிக்கொள்ள அடித்த பன்னிரண்டு ஆணிகள் வரிசையாக அப்படியே இருந்தன. இடமிருந்து எண்ணினால் ஐந்தாவது என்னுடையது. பஸ் சிக்னலில் நிற்கும்போது தினமும் எண்ணுவேன். ஒரு திங்கட்கிழமை, எண்ணுவதற்காக ஜன்னல் பக்கம் திரும்பினேன். சுவர் இல்லை. அது இருந்த உயரத்தில் வானம் இருந்தது.